கெபிக்கு அடியில் போன குழாய்

நாற்பதை எட்டிப் பிடிக்கப்போகிற நம் செட் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். முன்மண்டையில் நரை எட்டிப் பார்க்கிறவர்கள், மாடிப்படி ஏறினால் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறவர்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையைப் போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்கு ஓடியவர்கள். உங்களுக்குத்தான் இது புரியும். இப்போதைய பிள்ளைகளுக்குத் தண்ணீர் வராவிட்டால் போனில் ஒரு தட்டு தட்டினால் கேன் வந்துவிடுகிறது.

போன மாதம் எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் கூட்டம் நடந்தது. தரமணிப் பக்கம் குடியிருக்கிறோம். மழைக்காலம் வருவதற்குள் மழைநீர்க் குழியைத் தூர்வார வேண்டும் என்று நான்தான் பேச்சை எடுத்தேன். சங்கச் செயலாளர் கையிலிருந்த சமோசாவைக் கீழே வைக்காமலே, "மேடம், அது சும்மா அப்ரூவலுக்காக பில்டர் வெச்சது. அதைப் போய் யாராவது நோண்டுவாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற வேகத்தில் எழுந்து நின்று கத்தியிருக்கிறேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. லிஃப்டில் போகும்போது என் வீட்டுக்காரர், "ஒரு குழிக்கா இவ்ளோ கோவம்?" என்றார்.

ஆமாம், ஒரு குழிக்குத்தான்.

அந்தக் குழி சாந்தோமில் எங்கள் தாத்தா கட்டிய வீட்டில் இருந்தது. கடலுக்கு இரண்டு தெரு இந்தப் பக்கம். முன்பக்கத்துப் பெரிய வீட்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும் இருந்தார்கள். பின்பக்கத்து இரண்டு அறையில் அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா துபாயில் கிரேன் ஓட்டினார். வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு வருவார், ஒரு போர்வையும் ஒரு டப்பா பால்பவுடரும் கொண்டு வருவார், போய்விடுவார். வீட்டில் பாகப்பிரிவினை ஆகவில்லை. பின்பக்கம் அப்பாவுக்கு என்று தாத்தா வாயால் சொன்னதோடு சரி.

பெரியப்பா ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர். வீட்டிலும் அவர்தான் தலைமை ஆசிரியர். அவர் செருமினால் பெரியம்மா ரேடியோவை அணைத்துவிடுவார். அம்மா பக்கத்து மீனவக் குப்பமான நொச்சிக்குப்பத்துக்காரி. அப்பா ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டு வந்தவள். அவள் வாயைத் திறந்து 'இன்னா' என்றால் போதும், பெரியப்பாவின் முகம் மிளகாயைக் கடித்ததுபோல் ஆகிவிடும். என்னிடம் தனியாகக் கூப்பிட்டு, "நீ அப்படிப் பேசக் கூடாது, என்ன?" என்பார். நானும் தலையை ஆட்டுவேன். ஆட்டிவிட்டுப் பின்பக்கம் போய் 'இன்னாமா சோறு' என்பேன்.

அம்மாவுக்கு ஒரு வேலை இருந்தது. கோயில் பீடத் துணிகளைத் துவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் இஸ்திரி போட்டுக் கொடுப்பாள். புதுநன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகும் பெண்பிள்ளைகளின் வெள்ளை கவுன்களும் அவளிடம்தான் வரும். பிரம்புக் கூடை ஒன்று, அதன்மேல் ஒரு மெல்லிய துண்டு. அந்தக் கூடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குள் போகும்போது மட்டும் அம்மா தலையை நிமிர்த்தி நடப்பாள். குப்பத்துக்காரி துவைத்த துணியின்மேல்தான் பாத்திரம் வைத்துப் பூசை நடக்கிறது என்பது அவளுக்குப் பெரிய விஷயம். அப்போது எனக்கு அது தெரியவில்லை. இப்போது தெரிகிறது, அதனால்தான் வயிறு எரிகிறது.

அந்த வருடம் மழை ஏமாற்றியது. அதற்கு முந்தின வருடமும் அப்படித்தான். பின்பக்கத்தில் எங்கள் கொல்லையில் ஓர் உறைக்கிணறு இருந்தது. தாத்தா காலத்தில் தெருவே வந்து குடிக்க எடுத்துப் போகுமாம். அந்தக் கோடையில் வாளி அடியில் மணலோடு வந்தது. வாயில் வைத்தால் கடல்தான். சோப்பு போட்டால் நுரை வராமல் திரிதிரியாகப் பிரியும். வெள்ளைத் துணி முதலில் விறைக்கும், அப்புறம் ஓரத்தில் மஞ்சளாகும். அம்மா அந்த மஞ்சளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள், முணுமுணுப்பாள், எலுமிச்சம்பழத்தைத் தேய்ப்பாள். கடைசியில் லாரித் தண்ணீரில்தான் துவைக்க வேண்டியதாயிற்று. குடிக்க, சமைக்க வைத்தது போக மிச்சத்தில் பீடத் துணி. நாங்கள் குளித்தது உப்புத் தண்ணீரில். என் தலைமுடி தென்னந்துடைப்பமாய் நின்றது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அதற்கு நீங்கள் வைத்த பட்டப் பெயரும் எனக்கு நினைவிருக்கிறது.

ஒருமுறை அன்பியத் தலைவி வந்து கூடையைத் திறந்து பார்த்தார். எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் மாதாமாதம் கூடி ஜெபம் சொல்லும் குழுவுக்கு அன்பியம் என்று பெயர். கோயில் துணியை யாரிடம் கொடுப்பது என்பதும் அவர் கையில்தான் இருந்தது. ஒரு துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, "என்னம்மா இது, வெளுப்பே இல்லையே? முடியலன்னா சொல்லிடு" என்றார்.

"தண்ணிதாங்க காரணம். கொஞ்ச நாளு பொறுத்துக்கங்க, சரி பண்ணிடறேன்" என்றாள் அம்மா.

அப்போதுதான் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு வைக்க வேண்டும், வைக்காவிட்டால் தண்ணீர் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள் என்று உத்தரவு வந்தது. உங்களுக்கு மறந்திருக்காது. ஆட்டோ முதுகில், பள்ளிச் சுவரில் எல்லாம் எழுதினார்கள். ரேஷன் கடையில் கலர் படமே ஒட்டியிருந்தார்கள். மொட்டை மாடி, அதிலிருந்து ஒரு நீலக் குழாய், அது போய் இறங்கும் கிணறு, பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு குடும்பம். வரிசையில் நிற்கும்போது நாங்கள் எல்லோரும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூடப் புரியும் படம்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"மாமா, நம்ம கிணறு பின்னால சும்மாதான கீது. மாடிப் பைப்ப அதுல வுட்டுட்டா நாலு மழைல தண்ணி மாறிடும். ரேஷன் கடைல படங்கூடப் போட்டு ஒட்டிக்கீறாங்கோ."

பெரியப்பா செய்தித்தாளை இறக்கவில்லை. "படம் பார்த்து வேலை செய்ய முடியாதும்மா. அதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு. நான் பாத்துக்கறேன்."

அம்மா நம்பினாள். அன்றைக்கு இரவுச் சோற்றுக்கு மத்தி மீன் வறுத்தாள். கிணறு மாறிவிட்டால் துணி எப்படி வெளுக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே பரிமாறினாள்.

மறுநாள் முன்வீட்டு ஜன்னலுக்குக் கீழே பம்பரத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது பெரியப்பா பெரியம்மாவிடம் பேசியதை நான் கேட்டேன். "இன்னிக்குக் கிணத்துல பைப்பு எறங்கும். நாளைக்குப் பைப்பு போன எடமெல்லாம் எங்களுதுன்னு வந்து நிப்பா. இவளுக்கு நாம சொல்லிக் குடுக்கணுமா? கெணறு காஞ்சே கெடக்கட்டும்."

கேட்டீர்களா? கிணறு காய்ந்தே கிடக்கட்டுமாம். பல் தேய்க்கிற தண்ணீரை நாங்கள் அளந்து ஊற்றிக்கொண்டிருந்த வருடத்தில், நூறு பிள்ளைகளுக்கு முன்னால் நின்று நீதிபோதனை வகுப்பு எடுக்கிற மனிதர் சொன்னது அது.

கொத்தனார் வந்தார். மொட்டை மாடித் தண்ணீர் வெளியேற முன்பக்கம் ஒரு துவாரமும் பின்பக்கம் ஒரு துவாரமும் இருந்தன. பின்பக்கத்துத் துவாரத்தைச் சிமென்ட் வைத்து அடைத்தார்கள். முன்பக்கத்தில் நீலக் குழாய் பொருத்தினார்கள். அது தரைக்கு இறங்கும் இடத்தில், வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், என் இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குழி. அங்கே தோண்டினால் வருவது கடற்கரை மணல்தான். சும்மா விட்டிருந்தாலே தண்ணீரைக் குடித்திருக்கும். ஆனால் சுவரில் ஓதம் ஏறும் என்று பெரியப்பா பயந்தார். குழியின் நான்கு பக்கமும் செங்கல் வைத்து, அடியிலும் சிமென்ட் பூசி, தேய்த்து மழமழவென்று ஆக்கச் சொன்னார்.

நான் எட்டிப் பார்த்து, "பெரியப்பா, இதுல விழற தண்ணி எங்க போகும்?" என்று கேட்டேன்.

உச்சந்தலையில் ஒரு குட்டு விழுந்தது. "பெரியவங்க வேலைல மூக்க நுழைக்காதே."

கொத்தனார் சிரித்தார். பெரியப்பாவும் சிரித்தார். அந்தத் தொட்டியில் பாதிக்குக் கருங்கல் ஜல்லியைக் கொட்டினார்கள். அதிகாரி ஒருவர் வந்தார். குழாயைத் தட்டிப் பார்த்தார், ஜல்லியைப் பார்த்தார், பெரியம்மா கொடுத்த ரோஸ்மில்க்கைக் குடித்தார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான் எங்கள் வீட்டு மழைநீர் சேகரிப்பு. வேலையில் மிஞ்சிய இரண்டு துண்டுக் குழாயும் முழங்கை மாதிரி வளைந்த ஓர் எல்போவும் எங்கள் கொல்லையில் வந்து விழுந்தன.

கேட்டுக்குப் பக்கத்தில் ஜல்லிக் குழி அசிங்கமாக இருந்தது பெரியப்பாவுக்கு. வருகிறவர்கள் பார்ப்பார்களே! மேலே ஒரு பலகைக்கல்லைப் போட்டு மூடினார். மூடியதன்மேல் ஒரு கெபி கட்டினார். கெபி என்றால் மாதா சிலை வைக்கிற சின்னக் குகை. சிமென்ட்டில் பாறை பாறையாகச் செய்து, சாம்பல் வண்ணம் அடித்து, இடுக்கில் சோழி பதித்து, நடுவில் நீலமும் வெள்ளையுமாக மாதா. நிஜமாகவே அழகாக இருந்தது. நான்கூடச் சம்பங்கிப் பூ வைத்தேன். எனக்கு மாதாவோடு எந்தச் சண்டையும் இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அவரைக் கொண்டுபோய் ஒரு பொய்யின்மேல் நிற்க வைத்த ஆளோடுதான் சண்டை.

அக்டோபர் வந்தது. அது ஜெபமாலை மாதம். தினம் ஒரு வீட்டில் அன்பியம் கூடி ஜெபமாலை சொல்லும். எங்கள் வீட்டு முறை வந்த அன்றைக்கு மதியத்திலிருந்தே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சாயங்காலம் எல்லோரும் கெபி முன்னால் மெழுகுவத்தியோடு நின்றபோது ஊற்றியது பாருங்கள் மழை! இரண்டு வருடம் தேக்கி வைத்ததையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டியது. எல்லோரும் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். அம்மா மட்டும் கொல்லைப் பக்கம் ஓடினாள். இருக்கிற குண்டான், அண்டா, வாளி எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பினாள். அவள் முகத்தில் மழை வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவே இல்லை.

மறுநாள் காலையில் வானம் வெளுத்துப் பளிச்சென்று வெயிலடித்தது. பால் பாக்கெட் எடுக்கப் போன பெரியம்மா கத்தினார். மாதாவின் காலடியில், பாறை இடுக்கிலிருந்து, தண்ணீர் கசிந்து வழிந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுப் பாதாம் மரத்துச் சருகெல்லாம் எங்கள் மாடியில்தான் விழும். அது துவாரத்தை அடைத்துக்கொண்டதால் மாடியில் தேங்கிய தண்ணீர் இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. இறங்கிய தண்ணீருக்குத் தொட்டியில் போக்கிடமில்லை. மேலிருந்து அழுத்த அழுத்த, விரிசல் கிடைத்த இடத்தில் வெளியே வந்துவிட்டது. மழை நின்று வெயில் வந்த பிறகும் வந்ததுதான் விஷயம். அன்பியத் தலைவி வந்தார், பார்த்தார், தெருவிலேயே முழங்காலில் விழுந்தார். "புதுமை! மாதா புதுமை செஞ்சுட்டாங்க!" அற்புதத்தை எங்கள் பக்கம் புதுமை என்பார்கள்.

பத்து மணிக்குள் தெரு நிறைந்துவிட்டது. பாட்டிலோடு, சொம்போடு, இருமல் மருந்து பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தார்கள். வேறு தெருவிலிருந்து ஆட்டோ வைத்துக்கொண்டு வந்தார்கள். மதத்தைப் பார்க்காமல் வந்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வறண்டு கிடந்த ஊர், தண்ணீரைக் கண்டால் கும்பிடத்தான் தோன்றும். ஆனால் பெரியப்பாவுக்குத் தெரியும். குழாய் எங்கே இறங்குகிறது, கெபிக்கு அடியில் என்ன இருக்கிறது, எல்லாம் தெரிந்த ஒரே ஆள் அவர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, கெபிக்குப் பக்கத்தில் நின்றார். "எங்க குடும்பத்துக்குக் கெடச்ச பாக்கியம்" என்றார். ஒருமுறைகூட அண்ணாந்து மாடியைப் பார்க்கவில்லை.

பங்குத்தந்தை வந்தார். அவர் அண்ணாந்து பார்த்தார். குழாயையும் பார்த்தார், கூட்டத்தையும் பார்த்தார். "அவசரப்பட்டு எதையும் புதுமைன்னு சொல்லாதீங்க. விசாரிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா கூட்டத்தின் பக்கம் திரும்பி, "ஃபாதரே விசாரிக்கறேன்னு சொல்லிட்டார்" என்றார். கூட்டம் இரண்டு மடங்கானது.

அந்தத் தண்ணீரை எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார் பெரியம்மா. லேசாகத் தவிட்டு நிறம், சருகு வாசனை. குடித்தேன். சாயங்காலத்திலிருந்து வயிற்றால் போனது. "உள்ள இருக்கற அழுக்கெல்லாம் போவுது, நல்லதுதான்" என்றார் பெரியம்மா. மொட்டை மாடிக் காக்கைகளின் அழுக்கைத்தான் நான் உள்ளே அனுப்பியிருந்தேன்.

சுருண்டு கிடந்த என்னைப் போர்த்திவிட்டு அம்மா முன்பக்கம் போனாள். வரிசையில் ஒரு பெண் கைக்குழந்தையின் வாயில் அந்தத் தண்ணீரை விரலால் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"வாணாங்க, குழந்தைக்குக் குடுக்காதீங்க. இது மாடித் தண்ணி. மழை பேஞ்சது வழிஞ்சிக்கினு கீது, அவ்ளோதான். எம் பொண்ணு குடிச்சிட்டு அங்க சுருண்டு படுத்துக்கினு கீறா. தோ, பைப்பு எங்கிருந்து வருது, நீங்களே பாருங்க!"

அம்மா நீட்டிய கையை எல்லோரும் பார்த்தார்கள். அந்தக் கை காட்டிய குழாயை யாரும் பார்க்கவில்லை. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்டினார். அன்பியத் தலைவி முன்னால் வந்தார்.

"உனக்கு விசுவாசம் இல்லன்னா ஒதுங்கி நில்லும்மா. மாதா வாசல்ல நின்னுக்கிட்டு வாய்க்கு வந்தத பேசாத. வயித்தெரிச்சல்!"

"எனக்கு இன்னாங்க வயித்தெரிச்சல்? தொட்டி கட்டுனவர் தோ நிக்கறாரே, அவரக் கேளுங்க. மாமா, சொல்லுங்க மாமா."

மாமா சொல்லவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை. அந்த மூடிய கண் இப்போதும் என் கண்ணுக்குள் இருக்கிறது. எத்தனையோ கெட்ட மனிதர்களை அப்புறம் பார்த்துவிட்டேன். ஒருவரும் அத்தனை பக்தியோடு கெட்டவர்களாக இல்லை.

அன்று சாயங்காலமே அன்பியத் தலைவி பின்பக்கம் வந்து பிரம்புக் கூடையை வாங்கிக்கொண்டு போனார். "மாதாவ நிந்திச்ச கையால பீடத்துத் துணியத் தொடக் கூடாது." அம்மா கூடையை நீட்டினாள். மேலே போடுகிற துண்டு மட்டும் அவள் தோளிலேயே தங்கிவிட்டது. அதைக் கவனித்து, அவர் திரும்பி வந்து அதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் தேங்காய் உடைக்கிற சுத்தியலைத் தேடினாள்.

ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பாவும் பெரியம்மாவும் பூசைக்குப் போன நேரம். அம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு மாடி ஏறினாள். முதலில் சருகை எல்லாம் கூட்டி அள்ளினாள், தென்னந்துடைப்பத்தால் தளத்தைத் தேய்த்தாள். முன்பக்கத்துத் துவாரத்தில் கோணிச்சாக்கைச் சுருட்டி அடைத்து மேலே செங்கல் வைத்தாள். பின்பக்கத்தில் பெரியப்பா அடைத்த சிமென்ட்டைச் சுத்தியலால் அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் 'உம்' 'உம்' என்றாள். அது பெயர்ந்து கொல்லையில் விழுந்தபோது கோழி அலறிக்கொண்டு ஓடியது. கொல்லையில் கிடந்த துண்டுக் குழாய்களைச் சொருகி, எல்போவை மாட்டி, துணிக்கொடிக் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு இறுக்கிக் கட்டினாள். குழாயின் அடிமுனையில் அப்பாவின் பழைய வேட்டியை நாலாக மடித்துச் சுற்றிக் கட்டினாள்.

"புட்சிக்கோடி. நான் சொன்னாதான் கிணத்துல வுடணும். மொத மழைத் தண்ணிய வெளியவே வுட்ரு, மாடி கழுவிக்கினு போவட்டும்."

நான் பிடித்துக்கொண்டேன். ரேஷன் கடைப் படத்தில் இருந்தது இதுதான். வேறொன்றுமில்லை.

மழை வந்தது. முதல் தண்ணீரை மண்ணில் விட்டோம். அம்மா கை காட்டியதும் குழாயைக் கிணற்றுக்குள் திருப்பினேன். உள்ளே கடகடவென்று விழுந்த அந்தச் சத்தம் எனக்கு வாத்தியக் கச்சேரி. அம்மா உறையின்மேல் கவிழ்ந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த மழைக்காலம் முழுக்க நல்ல மழை. கிணற்றில் தண்ணீர் உறை உறையாக ஏறியது. ஒரு நாள் அம்மா வாளியில் எடுத்து வாயில் வைத்தாள். வைத்துவிட்டு என் வாயில் ஊற்றினாள். உப்பு இல்லை. என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் துவைத்தாள். நுரை வாளிக்கு வெளியே வழிந்தது. கொடியில் காய்ந்த சட்டையைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

இனிமேல் துணி கேட்டுப் போகலாம், அவர்களே கூப்பிடுவார்கள், வெளுப்பைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள் என்று நம்பினாள் பாவம்.

முன்பக்கத்தில் கெபி காய்ந்துவிட்டது. எவ்வளவு மழை பெய்தும் மாதா காலடியில் ஒரு சொட்டு வரவில்லை. பாட்டிலோடு வந்தவர்கள் முகம் தொங்கித் திரும்பினார்கள். பெரியப்பா பதறிப்போய் வீட்டைச் சுற்றி வந்தார். கொல்லையில் குழாயைப் பார்த்தார். ஓர் எத்து எத்திவிடுவார் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். வாளியில் மொண்டு ஒரு வாய் குடித்தார். அப்புறம் முன்பக்கம் போனார்.

சாயங்காலம் அன்பியம் முழுவதும் எங்கள் கொல்லையில் நின்றது. "மாதா கெபியவிட்டுக் கிணத்துல எறங்கிட்டாங்க!" உப்புக் கிணறு இனித்துவிட்டதாம். இது முதல் புதுமையைவிடப் பெரிய புதுமையாம். குழாய் அவர்கள் தலைக்கு மேலேதான் போனது. கயிறு தலையில் இடித்ததால் ஒருவர் குனிந்து போனார். குனிந்து போய்க் கிணற்றைக் கும்பிட்டார்!

"ஐயோ, நான் கட்டுன பைப்புங்க அது!" என்றாள் அம்மா.

"அந்தப் பைப்பக் கட்டணும்னு உனக்குப் புத்தி குடுத்ததே மாதாதாம்மா" என்றார் பெரியப்பா. எல்லோரும் "ஆமென்" என்றார்கள்.

முப்பது பேர் ஆமென் சொன்ன பிறகு ஒரு பெண் தனியாக நின்று என்ன சொல்ல முடியும்?

அந்த வாரமே கிணற்றுக்கு இரும்பு மூடி வந்தது. மூடிக்குப் பூட்டு. சாவி பெரியப்பாவின் கழுத்துக் கயிற்றில், சிலுவையோடு சேர்ந்து. புனிதத் தண்ணீரில் அழுக்குத் துணி துவைக்கக் கூடாது, சனிக்கிழமை மட்டும் ஜெபித்து மந்திரித்துக் கொடுக்கத் திறக்கப்படும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். தளும்பத் தளும்பக் கிணற்றை வைத்துக்கொண்டு அம்மா மறுபடியும் லாரிக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். மழையில் நனைந்துகொண்டே வரிசையில் நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்கும் பொறுக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அப்பா வந்தார். அம்மா அவரிடம் நீளமாக எதுவும் சொல்லவில்லை. "இந்த வூட்டுல இனிமே நான் இருக்க மாட்டேன்" என்றாள். அப்பா அண்ணனோடு பேசிப் பார்த்தார். அண்ணன் செருமினார். பொங்கலுக்கு முன்னால் நாங்கள் அடையாற்றில் ஒரு மாடி அறைக்குக் குடிபோனோம். சாமான் எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு அம்மா கொல்லைக்குப் போனாள். கயிற்றை அவிழ்த்தாள், எல்போவைத் திருகிக் கழற்றினாள், துண்டுக் குழாய்களை உருவினாள். "மாதா குடுத்த புத்திதான? மாதாவே வேற பைப்பு குடுப்பாங்க" என்று பெரியம்மா காதில் விழும்படி சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். அந்த எல்போ எத்தனையோ வருடம் எங்கள் பரண்மேல் கிடந்தது. ஏதோ ஒரு வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. தங்கச் சங்கிலி தொலைந்ததற்குக்கூட நான் அவ்வளவு தேடியதில்லை.

அடுத்த கோடையிலேயே கிணறு மறுபடி உப்பாகிவிட்டது. உடனே காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தக் குடும்பம் சண்டை போட்டுக்கொண்டு போனதால் மாதா மனம் வருந்திவிட்டாராம். குழாய் போனதால் என்று ஒரு ஆள், ஒரே ஓர் ஆள், சொல்லியிருக்கலாம். மூடியும் பூட்டும் கடற்காற்றில் துருப்பிடித்து உதிர்ந்தன. பெரியப்பா நல்ல பெயரோடு போய்ச் சேர்ந்தார். வீட்டை இடித்து ஐந்து மாடி எழும்பிவிட்டது. வாசலில் ஒரு நீலக் குழாய் இறங்குகிறதாம். அது எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை, கேட்டால் மறுபடி கத்த வேண்டியிருக்கும்.

சங்கக் கூட்டத்தில் கத்தியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாந்தோமில் ஒரு கல்யாணம். அம்மாவை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். இப்போது அவளுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. சக்கர நாற்காலியில் ஒரு மூதாட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அன்பியத் தலைவி! உருவம் சுருங்கிவிட்டது, குரல் அப்படியே இருந்தது.

"அந்தப் புதுமை நடந்த வீட்டு மருமகதானே நீ?" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கைப்பைக்குள் துழாவி ஒரு சின்ன இருமல் மருந்து பாட்டிலை எடுத்தார். அதில் பாதிக்குத் தண்ணீர். "உங்க கிணத்துத் தண்ணிம்மா. இன்னும் கெடவே இல்ல பாரு. வருசக்கணக்கா வெச்சிருக்கேன். யாருக்கு என்னன்னாலும் ஒரு சொட்டுதான்." மூடியைத் திறந்தார். ஒரு சொட்டை விரலில் தொட்டு அம்மாவின் நெற்றியில் சிலுவை போட்டார். "மாதா உனக்குக் கண்ணக் குடுக்கட்டும்."

கூடையைப் பிடுங்கிக்கொண்டு போன அதே விரல். அம்மா கொண்டுவந்த அதே தண்ணீர். அதை அவளுக்கே பிச்சை போடுவதுபோல் ஒரு சொட்டு! நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

"தேங்க்ஸுங்க" என்றாள்.

ஆட்டோவில் ஏறியதும் நான் வெடித்தேன். "ஏம்மா சும்மா இருந்த? அது உன் தண்ணிம்மா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அம்மா முந்தானையை எடுத்து நெற்றியை அழுத்தித் தேய்த்தாள். சிவந்துபோகிற அளவுக்குத் தேய்த்தாள்.

"அன்னிக்கே சொன்னேனேடி. அம்மாம் பேரு எதிர்ல நின்னு சொன்னேன். எவ கேட்டா? இன்னோரு வாட்டி இன்னாத்துக்கு நான் சொல்லணும்?" என் பக்கம் திரும்பினாள். "நீ பாத்த இல்ல? நீ சொல்லு."

பார்த்தேன். கெபியில் வழிந்தது எங்கள் மாடித் தண்ணீர். அந்தக் கிணற்றில் இறங்கியதும் எங்கள் மாடியில் பெய்த மழைதான். அதை இறக்கியது எங்கள் அம்மா. அவள் கட்டிய குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.